லெட்ஜரிலிருந்து மேகத்துக்கு: மாட்டுங்காவிலிருந்து பார்த்த ஒரு காப்பீட்டு வரலாறு

மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் தம் ஆவணங்களை மேகக் கணிமைக்கு மாற்றிக்கொண்டதைத் தொழில்நுட்ப வரலாறாக எழுதுவதே வழக்கம். எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எந்த மென்பொருளை மாற்றியது, எவ்வளவு செலவு குறைந்தது என்று அந்த வரலாறு செல்லும். அதே வரலாற்றை வேறொரு கேள்வியிலிருந்தும் எழுத முடியும். ஒருவருடைய நோயைப் பற்றிய எழுத்து எந்தக் காலத்தில் யார் கையில் இருந்தது? அதை வாசித்தவர் யார்? பிழை நேர்ந்தால் எந்த மேசைக்குப் போய்க் கேட்க முடிந்தது? இக்கேள்வியை மும்பையில் எழுப்ப மாட்டுங்காவைவிடப் பொருத்தமான இடம் அரிது. அப்பகுதியின் தமிழ்க் குடியிருப்பே அலுவலக எழுத்தை நம்பி உருவானது.

மாட்டுங்காவின் தொடக்கத்தில் ஒரு நோய் இருக்கிறது. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்கைத் தொடர்ந்து 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. நெரிசல் மிகுந்த பழைய நகரிலிருந்து மக்களை வடக்கே குடியமர்த்த அது வகுத்த திட்டங்களுள் ஒன்றே தாதர்–மாட்டுங்கா திட்டம். 1920களிலும் 1930களிலும் அகன்ற தெருக்களும் பூங்காக்களும் சூழ வீடுகள் எழுந்தபோது, தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் பல அங்கே நிலைகொண்டன. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த முதல் என்பது பெரும்பாலும் பள்ளி ஆங்கிலம், தட்டச்சு, சுருக்கெழுத்து ஆகிய மூன்றுதான். ரயில்வேயும் அரசு அலுவலகங்களும் கோட்டைப் பகுதி வணிக நிறுவனங்களும் காப்பீட்டுக் கம்பெனிகளும் அம்மூன்றுக்கும் சம்பளம் கொடுத்தன. 1932-இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தோன்றியது. 1942-இல் ராம நாயக்கின் உடுப்பி கிருஷ்ணா போர்டிங் தோன்றியது. முதலாவது எழுத்தர்களின் பிள்ளைகளுக்காக, இரண்டாவது இன்னும் குடும்பத்தை அழைத்துவராத எழுத்தர்களுக்காக என்று சொன்னால் சற்றே மிகைப்படுத்தலாகும், தவறாகாது.

அக்காலத்துக் காப்பீடு ஏறத்தாழ முழுவதும் ஆயுள் காப்பீடே. எனினும் நோய் அதில் எழுதப்பட்டிருந்தது. முன்மொழிவுப் படிவம் விண்ணப்பதாரரின் பழைய நோய்களையும், பெற்றோர் எந்த வயதில் எதனால் இறந்தனர் என்பதையும் கேட்டது. கம்பெனி மருத்துவர் உயரம், எடை, மார்பளவு எடுத்துத் தனி அறிக்கை தந்தார். இந்திய நடுத்தர வர்க்கத்தின் உடலைப் பற்றி முறையாகத் திரட்டப்பட்ட முதல் ஆவணத் தொகுதிகளுள் ஒன்றாக இந்தக் கோப்புகளைக் கருதலாம். பாலிசிப் பத்திரம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதன் இணைக்கோப்பு கம்பெனியின் அலமாரியில் இருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு மனிதர் இருந்தார்: லெட்ஜர் எழுதும் குமாஸ்தா.

மொழியியல் நோக்கில் இப்படிவத்தின் ஒரு மூலை தனிக் கவனத்துக்கு உரியது. விண்ணப்பதாரர் ஆங்கிலம் அறியாதவராக இருந்தாலோ, படிவத்தின் மொழியல்லாத வேறொரு மொழியில் கையெழுத்திட்டாலோ, கேள்விகள் தமக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன என்ற உறுதிமொழி ஒன்று அங்கே சேர்க்கப்பட வேண்டும். காப்பீடு என்பது தமிழில் சொல்லப்பட்டு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒன்று என்பதற்கு அந்த உறுதிமொழியே சான்று. சொன்னதற்கும் எழுதியதற்கும் உள்ள இடைவெளியில் முகவர் நின்றார். 'சர்க்கரை கொஞ்சம் உண்டு' என்று சொல்லப்பட்டது படிவத்தில் 'இல்லை' ஆகிவிடும். ஆண்டுகள் பல கழிந்து உரிமைகோரல் மறுக்கப்படும்போதுதான் அது குடும்பத்துக்குத் தெரியவரும். பிற்காலக் கணினிகள் எல்லாம் இந்தப் பழைய மொழிபெயர்ப்பின் மேல்தான் கட்டப்பட்டன.

1956 ஜனவரி 19-ஆம் நாள் அவசரச் சட்டத்தால் ஆயுள் காப்பீடு அரசின் மேலாண்மைக்கு வந்தது. இந்திய, அயல்நாட்டுக் கம்பெனிகளும் சேமநிதிச் சங்கங்களுமாக 245 அமைப்புகள் இணைக்கப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. 245 விதமான பதிவேடுகளை ஒன்றாக்குவது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்த்தால், 1950களின் இறுதியில் துளை அட்டை இயந்திரங்களும் 1964-இல் கணினியும் ஏன் வந்தன என்பது விளங்கும். அந்தக் கணினியை எழுத்தர்கள் வரவேற்கவில்லை. 1951-இல் பம்பாயில் தொடங்கப்பட்டிருந்த அகில இந்திய இன்சூரன்ஸ் ஊழியர் சங்கம் கணினிமயத்தைக் கடுமையாக எதிர்த்தது. கல்கத்தாவின் இலாகோ ஹவுஸில் இயந்திரம் நுழைந்துவிடாதபடி ஊழியர்கள் மாதக்கணக்கில் காவல் இருந்தது 1960களின் தொழிற்சங்க வரலாற்றில் புகழ்பெற்ற நிகழ்ச்சி. அரசு 1969-இல் வி. எம். தாண்டேகர் தலைமையில் தானியக்கம் பற்றிய குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1972-இல் வந்தது. இந்த எதிர்ப்பைப் பழமைவாதம் என்று எள்ளுவது இன்று எளிது. வேலை போகும் என்ற அச்சமே அதன் மையம். அது மெய்யான அச்சம். பாலிசிதாரரின் பதிவை யார் காண்பது என்ற கேள்வி அன்றைய முழக்கங்களில் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அதே ஆண்டுகளில் மாட்டுங்கா வேறொரு பாடத்தைக் கற்றது. பால் தாக்கரே நடத்திய 'மார்மிக்' வார இதழ், 1966-இல் சிவசேனை தோன்றுவதற்கு முன்பிருந்தே, பம்பாய் நிறுவனங்களில் பணிபுரியும் மராத்தியர் அல்லாதாரின், சிறப்பாகத் தென்னிந்தியரின், பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டது. வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று பொருள்படும் தலைப்பு அப்பகுதிக்கு. பெயர்களில் பல தொலைபேசிக் கையேட்டிலிருந்தே எடுக்கப்பட்டவை. அங்கே மறைபொருள் எதுவும் இல்லை. ஒவ்வொரு பெயரும் தனியே நின்றபோது வெறும் தொடர்பு விவரம்; ஒரே நெடுவரிசையில் அடுக்கப்பட்டபோது அது குற்றச்சாட்டாகியது. முதலெழுத்தும் சாதி ஈறும் ஊர்ப்பெயரும் கொண்ட தமிழ்ப் பெயரமைப்பே அடையாளம் காட்டியது. ஒரு பட்டியலில் இருக்கும் தகவலின் தன்மையை அது திரட்டப்படும் விதமும் நோக்கமும் தீர்மானிக்கின்றன என்பதை, தரவுப் பாதுகாப்பு என்ற சொல் பிறப்பதற்கு முன்பே தென்னிந்தியக் குடியிருப்புகள் அறிந்துகொண்டன.

மருத்துவக் காப்பீடு தாமதமாகவே வந்தது. பொதுக் காப்பீடு 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையாகி, 107 கம்பெனிகள் நான்கில் அடக்கப்பட்டன. பம்பாயின் நியூ இந்தியாவும் சென்னையின் யுனைடெட் இந்தியாவும் அவற்றுள் இரண்டு. இந்நான்கும் 1986-இல் 'மெடிக்ளெய்ம்' பாலிசியை அறிமுகப்படுத்தின. தொடக்கத்தில் அது பணத்தைப் பின்னர் ஈடுசெய்யும் முறை. நோயாளி முதலில் கட்ட வேண்டும். பில்கள், மருந்துச் சீட்டுகள், ஆய்வு முடிவுகள், டிஸ்சார்ஜ் சுருக்கம் எல்லாவற்றையும் அசலாகச் சேர்த்து, நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற எழுத்தர்கள் நிறைந்த மாட்டுங்காவுக்கு இது கைவந்த கலை. இம்முறை வருத்தம் தரும் முறைதான். ஆயினும் அதில் ஓர் இயல்பு இருந்தது: நோயின் முழு ஆவணத்தையும் முதலில் தொகுத்தவர் நோயாளியே. தம் கோப்பில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

பதிவு தன் கட்டடத்தை விட்டு முதன்முதலில் வெளியேறியது ஆயுள் காப்பீட்டில்தான். 1997 நவம்பரில் எல்.ஐ.சி. மும்பையின் 74 கிளைகளை ஒரே நகர வலையமைப்பில் இணைத்தது. அதுவரை பாலிசி எந்தக் கிளையைச் சேர்ந்ததோ அந்தக் கிளைக்கே செல்ல வேண்டியிருந்தவர், இனி எந்தக் கிளையிலும் பிரீமியம் கட்டலாம். நிலவர அறிக்கை பெறலாம். நாட்டின் பிற நகரங்கள் பின்னர் இதைப் பின்பற்றின. மேகக் கணிமையின் வரலாற்றில் இந்நிகழ்ச்சியை எவரும் குறிப்பிடுவதில்லை. ஆனால் கருத்தளவில் பெரிய தாவல் இங்கேதான் நேர்ந்தது: பதிவுக்கும் இடத்துக்கும் இருந்த உறவு அறுந்தது. அதற்குப் பின் வந்தவை அளவில் பெரியவை. வகையில் புதியவை அல்ல.

அடுத்த மாற்றம் சட்டத்தால் வந்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்தது. 2001-இல் மூன்றாம் தரப்பு நிர்வாகிகளுக்கான விதிமுறைகள் வந்தன. டி.பி.ஏ. என்று மருத்துவமனை முகப்புகளில் எல்லாரும் சொல்வது இவர்களைத்தான். ரொக்கமில்லாச் சிகிச்சை இவர்கள் வழியாகவே பரவியது. நோயாளியின் கையிலிருந்த பில் கட்டு மறைந்து ஓர் அட்டை வந்தது. மருத்துவமனை டி.பி.ஏ.வுக்கு எழுதியது, டி.பி.ஏ. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதியது. தம் நோயைப் பற்றிய கடிதப் போக்குவரத்தில் நோயாளி இப்போது படர்க்கையாகிவிட்டார். 2006-இல் யுனைடெட் இந்தியாவின் முன்னாள் தலைவர் வி. ஜகந்நாதன் சென்னையில் ஸ்டார் ஹெல்த்தைத் தொடங்கினார். மருத்துவக் காப்பீட்டுக்கென்றே அமைந்த முதல் இந்திய நிறுவனம் அது.

மத்திய ரயில் பாதைக்கு மேற்கே, தாராவியின் தமிழர்களுக்கு இந்த வரலாறு ஏறத்தாழ முற்றிலும் வேறு. தோல் பதனிடவும் துப்புரவுக்கும் கூலி வேலைக்கும் வந்த குடும்பங்களுக்கு டிரங்குப் பெட்டிப் பாலிசி வாய்க்கவில்லை. காப்பீடு அவர்களை வந்தடைந்தபோது கணினியோடு சேர்ந்தே வந்தது. 2008-இல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய சுவாஸ்த்ய பீமா யோஜனா, வறியோர் குடும்பத்துக்கு 30 ரூபாய்ப் பதிவுக் கட்டணத்தில் 30,000 ரூபாய்க் காப்பு அளித்தது; குடும்பத்தின் விவரமும் விரல்ரேகையும் ஒரு சில்லு அட்டையில் பதியப்பட்டன. மகாராஷ்டிர அரசு 2012 ஜூலை 2 அன்று மும்பை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களில் தொடங்கிய ராஜீவ் காந்தி ஜீவன்தாயீ ஆரோக்ய யோஜனா வேறு வழியில் சென்றது. மஞ்சள் அல்லது ஆரஞ்சு ரேஷன் அட்டையைக் காட்டினால் போதும். மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் ஆரோக்யமித்ரா விவரங்களை இணையத்தில் ஏற்றுவார். ஒப்புதல் இணையத்திலேயே வரும். மாட்டுங்காவின் ஒரு தலைமுறை காகிதத்திலிருந்து கணினிக்குப் பெயர்ந்தது; தாராவிக்குப் பெயர்ச்சியே இல்லை. சில்லு அட்டையில் தரவின் ஒரு படியாவது ஏழையின் சட்டைப்பையில் இருந்தது என்பதையும் நினைவில் கொள்ளலாம். 2018-இல் ஆயுஷ்மான் பாரத் அத்திட்டத்தை உள்வாங்கியபோது அந்தப் படியும் தேவையற்றதாயிற்று.

மேகக் கணிமை இந்தியக் காப்பீட்டில் வேரூன்றியதற்குக் காரணங்கள் எளியவை. மார்ச் மாதத்தில் வருமானவரிச் சலுகைக்காக ஒரே நேரத்தில் பலர் பாலிசி எடுப்பர். மற்ற மாதங்களில் அதே கணினிகள் பாதி உறங்கும். 2020 ஜூலையில் எல்லாப் பொது, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களும் 'கொரோனா கவச்' பாலிசியை விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் பணித்தபோது, ஊழியர்கள் வீட்டிலிருக்க, விண்ணப்பங்கள் பெருகின. உச்சத் தேவைக்கு ஏற்பக் கணினிகளை வாங்கி வைப்பதைவிட, வேண்டும்போது வேண்டிய அளவு வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். இதை விளக்க மாட்டுங்காவின் போர்டிங் ஹவுஸே போதும். தனியாளுக்குச் சமையலறை வைத்துக்கொள்வது வீண். மாதக் கணக்கில் சாப்பாட்டுக்குச் சேர்ந்துவிடலாம். பாத்திரமும் அடுப்பும் விறகும் போர்டிங்காரர் பொறுப்பு. மேகச் சேவையின் ஒப்பந்தங்களும் இவ்வாறே பொறுப்பைப் பிரிக்கின்றன: கட்டடம், மின்சாரம், வன்பொருள் சேவை நிறுவனத்துடையவை, எந்தத் தரவை வைப்பது, யாருக்குத் திறந்துவிடுவது, சாவி யாரிடம் என்பவை காப்பீட்டு நிறுவனத்துடையவை. உவமை இங்கே முறிகிறது. போர்டிங்கில் தம் உணவைத் தாமே உண்பவர் சந்தாதாரர். இங்கே சந்தாதாரர் நிறுவனம், இலையில் இருப்பதோ வேறொருவரின் உடல் விவரம்.

மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களிலும், அமேசான் 2016 ஜூனில் மும்பையிலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் தம் தரவு மையத் தொகுதிகளைத் திறந்தன. பிரபாதேவியில் தலைமையகம் கொண்ட ஐ.சி.ஐ.சி.ஐ. லோம்பார்டு, 2020களின் தொடக்கத்தில் தன் மைய அமைப்புகள் முழுவதையும் மேகத்துக்கு மாற்றிவிட்டதாக அறிவித்தது. இவற்றுக்கு முன்பே சட்டம் ஒரு வேலி போட்டிருந்தது. இந்தியாவில் வழங்கப்படும் பாலிசிகள், உரிமைகோரல்கள் பற்றிய மின்னணுப் பதிவுகள் இந்தியாவிலுள்ள தரவு மையங்களிலேயே இருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையத்தின் 2015-ஆம் ஆண்டு ஆவணப் பராமரிப்பு விதிமுறைகள் கூறின. ஆகவே 'மேகம்' எங்கோ அமெரிக்காவில் இல்லை. ஐரோலி, ரபாலே, மகாபே என்று தாணே ஓடைக்கு அக்கரையில் நவி மும்பையின் தரவு மையங்கள் வரிசையாக நிற்கின்றன. கோட்டைப் பகுதி அலமாரியைவிட அவை மாட்டுங்காவுக்குப் பெருந்தொலைவில் இல்லை. ஆனால் கோட்டை அலுவலகத்துக்கு முகவரி இருந்தது. முறையீட்டோடு வருபவரை அமரச் சொல்ல ஒரு நாற்காலியும் இருந்தது. தரவு எந்தக் கட்டடத்தில் கிடக்கிறது என்று மேகச் சேவை நிறுவனங்கள் பொதுவாகச் சொல்வதில்லை. பாதுகாப்பு கருதி அதுவே சரியும்கூட.

சொல்லைப் பற்றி ஒரு இடைக்குறிப்பு. வலையமைப்பு வரைபடங்களில், தமக்குத் தேவைப்படாத வெளிப்பகுதியைப் பொறியாளர்கள் மேக வடிவில் வரைந்து விட்டுவிடுவர். அப்பெயர் அங்கிருந்து வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாம் என்பதே அக்குறியின் பொருள். தமிழில் மேகம் என்ற சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. வடமொழியில் 'மேக⁴' என்ற முகிலும் 'மேஹ' என்ற நீர்நோயும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட, சித்த மருத்துவ நூல்களில் மேகம் ஒரு நோய்க்குழுவின் பெயர். நீரிழிவும் அதன் சுற்றத்தைச் சேர்ந்தது. மேகத்தின் பதிவு மேகத்தில் இருக்கிறது என்று சொன்னால் அது சிலேடை மட்டுமல்ல. ஆங்கிலத்திலும் இத்தகைய விபத்து உண்டு: காப்பீட்டுப் 'பாலிசி', சான்றுச் சீட்டு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது, கொள்கை என்னும் 'பாலிசி'க்கும் அதற்கும் வேர் வேறு. பாலிசி என்பது முதலில் கையில் இருக்கும் சான்றுதான்.

2024-இல் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. மே 29 அன்று ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கையை ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் முடிவு செய்ய வேண்டும் என்றது. மருத்துவமனை வராந்தாவில் மாலை வரை காத்திருந்தவர்களுக்கு இது பெரும் நன்மை. காகிதக் கோப்பால் இதைச் செய்யவே முடியாது. மேகத்தைக் குறைகூறுவோர் இந்த மூன்று மணி நேரத்தை மறந்துவிடக் கூடாது. செப்டம்பரில் ஸ்டார் ஹெல்த் வாடிக்கையாளர்களின் பாலிசி ஆவணங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் செயலியின் தானியங்கி உரையாடிகள் வழியே கிடைப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. 3.1 கோடிப் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக ஊடுருவியவர் கூறிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி, டெலிகிராமுக்கும் ஊடுருவியவருக்கும் எதிராக இடைக்கால உத்தரவு பெற்றது. தரவு எந்த இயந்திரத்தில் இருந்தது என்பதைவிட, திறக்கும் உரிமை எப்படிக் கைமாறியது என்பதே இத்தகைய வழக்குகளில் மையக் கேள்வி. அதற்கு விடை தேடும்போது நிறுவனம், ஊடுருவியவர், செயலி ஆகிய மூவரும் நீதிமன்றக் காகிதத்தில் இருந்தனர். நோயாளியின் ஆய்வு முடிவு இருந்தது, நோயாளி இல்லை.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மனநோய்க்கு மருந்து, இன்னொருவருக்குக் கருச்சிதைவு, மூன்றாமவருக்குக் காசநோய் என்று இருப்பதைத் தெருவே அறியாமல் வாழ முடிந்த ஊர் மாட்டுங்கா. லெட்ஜர் எழுதியவர் எதிர்வீட்டுக்காரராகவே இருந்தாலும், அவர் வாயைத் திறக்கமாட்டார் என்ற நம்பிக்கை உறவால் ஆனது. அதை இலட்சியமாக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரர் வாயைத் திறந்த கதைகளும் உண்டு. ஆனால் அவர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் கசியவிட முடியும். 1960களின் பட்டியல் கையால் திரட்டப்பட்டது.

இந்த இடைவெளியைச் சட்டம் இப்போதுதான் நிரப்பத் தொடங்கியுள்ளது. 2023-இன் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் காணும், திருத்தும், கசிவு நேர்ந்தால் அறிவிக்கப்படும் உரிமைகள் அறிவிப்பிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அச்சட்டத்தில் மொழியியலாளர் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உள்ளது. தரவைப் பயன்படுத்த ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை, ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள ஏதேனும் ஒரு மொழியிலோ படிக்கும் வாய்ப்பு மக்களுக்கு அளிக்கப்பட வேண்டும். மும்பையில் வாழும் தமிழ் முதியவர் ஒருவர் அதைத் தமிழில் கேட்க முடியும். பழைய முன்மொழிவுப் படிவத்தில் முகவர் வாயால் விளக்கியதாக உறுதிமொழி எழுதிக்கொடுத்த இடத்தில், இனி நிறுவனமே தமிழில் எழுத வேண்டியிருக்கும். தரவு, ஒப்புதல், திரும்பப் பெறுதல், அழித்தல் ஆகியவற்றுக்கு அவ்வறிவிப்பு எந்தத் தமிழைப் பயன்படுத்தும், கலைச்சொல் தமிழா, மாட்டுங்காச் சந்தையில் பேசப்படும் தமிழா என்பது இன்னும் எழுதப்படவில்லை.